உப்பளத்துச் சிறுமியை முழுதாக எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்

சென்னையில் வசிக்கும் 29 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கமாகத் தருகிறேன்.

அவர் பகலில் ஒரு வீடியோ கேம் நிறுவனத்தில் ஓவியர். இரவுகளிலும் விடுமுறை நாள்களிலும் சொந்தமாகக் காமிக்ஸ் வரைகிறார். உப்பளத்தில் வளரும் ஒரு சிறுமிதான் கதாநாயகி. முதல் இதழின் கதையைக் கல்லூரி நண்பர் எழுதினார். இரண்டாம் இதழை இவரே எழுதி வரைந்தார். சிவகாசியில் அச்சடித்து, சென்னை, பெங்களூரில் நடக்கும் காமிக்ஸ் ரசிகர்களின் கண்காட்சியான காமிக் கான்களில் ஓவியர்களுக்கு ஒதுக்கும் மேசையில் உட்கார்ந்து விற்கிறார். அதே மேசையில் ஜப்பானிய அனிமே பாத்திரங்களையும் அமெரிக்க சூப்பர் ஹீரோக்களையும் தன் பாணியில் வரைந்த பிரிண்டுகள், ஸ்டிக்கர்கள், சாவிக்கொத்துகள் ஆகியவையும் இருக்கின்றன. எதிரில் வந்து நிற்பவரை அங்கேயே வரைந்து 500 ரூபாய்க்குக் கொடுக்கிறார். “விற்பனையில் முக்கால்வாசி ஃபேன் ஆர்ட்தான் மேடம். என் காமிக்ஸை எடுத்துப் புரட்டுகிறார்கள், ‘நல்லா இருக்கு’ என்கிறார்கள், அதை வைத்துவிட்டு அனிமே ஸ்டிக்கரை வாங்கிக்கொண்டு போகிறார்கள்” என்று எழுதியிருக்கிறார்.

சென்ற முறை மேசைக்கு வந்த ஒரு பதிப்பாளர், “எல்லா உரிமைகளையும் சேர்த்து 80,000 ரூபாய் தருகிறேன்” என்று ஒரு பக்க ஒப்பந்தத்தை அனுப்பியிருக்கிறார். மாத இறுதிக்குள் கையெழுத்திட வேண்டுமாம். இதற்கிடையே அலுவலகத்தின் மனிதவள அதிகாரி இன்ஸ்டாகிராமில் இவருடைய படங்களைப் பார்த்துவிட்டு, “எங்களிடம் வேலை பார்க்கும் வரை நீங்கள் வரைவது எல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம்” என்று சொல்லியிருக்கிறார். யாரோ ஒருவர் இவருடைய உப்பளச் சிறுமியை டி-ஷர்ட்டில் அச்சடித்து ஆன்லைனில் விற்கிறார். வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் காமிக்ஸ் வரைய வேண்டும் என்பது இவருடைய ஆசை. அப்பா பேசாமல் இருக்கிறார். “நான் எதையும் பதிவு செய்யவில்லை. எனக்கு உரிமை இருக்கிறதா? கையெழுத்துப் போடலாமா?” என்பவை இவருடைய முக்கியக் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்கு உரிமை இருக்கிறது. பதிவு செய்தால்தான் பதிப்புரிமை வரும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது தவறு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியத்தை வரைந்தபோதே அதன் உரிமை உங்களிடம் வந்துவிட்டது. உங்கள் ஆயுள் முழுவதும் இருந்து, அதன் பிறகும் 60 ஆண்டுகள் உங்கள் வாரிசுகளிடம் இருக்கும். பதிவு என்பது இந்த உரிமைக்கு ஒரு சான்று மட்டுமே. வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் அதை முதல்நோக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளும் என்பதால், செய்து வைப்பது நல்லது. ஓவியத்துக்குக் கட்டணம் 500 ரூபாய். வணிகப் பொருள்களில் பயன்படக்கூடிய ஓவியம் என்றால் 2,000 ரூபாயும் வணிகச் சின்னப் பதிவாளரின் சான்றிதழும் தேவைப்படும். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம்.

இதழ்களை உங்களுக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த உறைக்குச் சட்டத்தில் தனி மதிப்பு எதுவும் கிடையாது. பென்சிலில் போட்ட முதல் கோட்டோவியங்கள், கணினியில் உள்ள மூலக் கோப்புகள், சிவகாசி அச்சகத்தின் ரசீது, முதன்முதலில் படம் வெளியிட்ட தேதி ஆகியவை அதைவிட வலுவான ஆதாரங்கள். இன்னொன்றும் இருக்கிறது. புத்தகம் வெளியிடுகிறவர் 30 நாள்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட சில நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. சொந்தமாக வெளியிடும் நீங்களும் சட்டத்தின் பார்வையில் பதிப்பாளர்தான். அனுப்பிவிட்டு ஒப்புகையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடமையும் தீரும், வெளியான காலத்துக்கு ஓர் அரசு நூலகத்தின் சான்றும் கிடைக்கும்.

ஒப்பந்தம்

நீங்கள் அனுப்பிய பக்கத்தைப் படித்தேன். “கதை, ஓவியம், கதாபாத்திரங்கள் ஆகியவற்றின் அனைத்து உரிமைகளும், உலகம் முழுவதும், எல்லாக் காலத்துக்கும், எல்லா ஊடகங்களிலும்” என்று இருக்கிறது. இதில் கையெழுத்திட்டால் மூன்றாம் இதழை வரைய நீங்களே அவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். அவர் நாளை அந்தச் சிறுமியை வேறோர் ஓவியரிடம் கொடுத்து வரையச் சொல்லலாம். அனிமேஷன் தொடராக்கலாம். பொம்மை விற்கலாம். உங்களுக்கு மேற்கொண்டு ஒரு ரூபாயும் வராது.

80,000 ரூபாய் குறைவு என்பது என் ஆட்சேபம் இல்லை. தமிழில் அச்சுப் புத்தகமாக வெளியிடும் உரிமையை மட்டும், ஐந்து ஆண்டுகளுக்கு, ராயல்டியில் கழித்துக்கொள்ளும் முன்பணமாக இதே தொகைக்குக் கேட்டிருந்தால், “தாராளமாகக் கையெழுத்திடுங்கள்” என்றிருப்பேன். அவர் கேட்பது வேறு. வயலைக் குத்தகைக்குக் கொடுப்பதற்கும் கிரயம் செய்து கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் இந்தத் தாளைக் காட்டுங்கள்.

சட்டம் படைப்பாளியின் பக்கம் சில காவல்களை வைத்திருக்கிறது. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், உங்கள் கையெழுத்துடன் இருந்தால்தான் செல்லும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, என்ன தொகை என்பவை அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் ஐந்து ஆண்டுகள். இடம் குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஓர் ஆண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது உங்களுக்கே திரும்பிவிடும். இதை எல்லாம் 19ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் இவற்றில் பல, ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாத வரையில்தான் செல்லும். உங்களிடம் வந்த தாளில், “19(4) பிரிவு பொருந்தாது” என்று கடைசிக்கு முந்தைய வரியில் இருக்கிறது. ஓர் ஆண்டுக்குள் வெளியிடாமல் பெட்டியில் போட்டு வைத்தாலும் உங்களால் திரும்பக் கேட்க முடியாது என்பதே அதன் பொருள். மற்ற வரிகளைப் பற்றி நீங்கள் கேட்டிருந்தீர்கள். இதைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்கு மிகவும் கவலை தருவது இந்த வரிதான்.

எழுதிக் கொடுத்த பிறகும் உங்களை விட்டுப் போகாத உரிமை ஒன்று உண்டு. படைப்பு உங்களுடையது என்று சொல்லிக்கொள்ளவும், உங்கள் பெயருக்குக் கேடு வரும்படி அதைச் சிதைத்தால் எதிர்க்கவும் 57ஆம் பிரிவு இடம் தருகிறது. தில்லி விஞ்ஞான் பவனில் இருந்த தம் சுவர்ச் சிற்பத்தை அரசு பெயர்த்தெடுத்துச் சிதையவிட்டதை எதிர்த்துச் சிற்பி அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவின்படியே அவருக்கு நியாயம் வழங்கியது. ஆனால் அந்த உரிமை உங்களுக்குச் சோறு போடாது. அதை நம்பிக் கையெழுத்திட வேண்டாம்.

பதிப்பாளருக்கு எழுத்தில் பதில் அனுப்புங்கள். தமிழ் அச்சுப் பதிப்புக்கு மட்டும் உரிமம், ஐந்து ஆண்டுகள், அட்டையில் உங்கள் பெயரும் கதாசிரியர் பெயரும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை விற்பனைக் கணக்கு, புத்தகம் அச்சில் இல்லாமல் குறிப்பிட்ட காலம் கடந்தால் உரிமை திரும்ப வேண்டும், காமிக் கான் மேசையில் விற்க உங்களுக்குக் கழிவு விலையில் பிரதிகள். திரைப்படம், தொடர், கேம், பொம்மை, ஆடை ஆகிய உரிமைகளும் கதாபாத்திரங்களின் உரிமையும் உங்களிடமே இருக்கும் என்று தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். நேர்மையான பதிப்பாளர் இதில் பேரம் பேசுவாரே தவிர, கோபப்பட மாட்டார்.

கதை எழுதிய நண்பர்

முதல் இதழின் உரிமையை உங்களால் தனியாக விற்கவே முடியாது என்பதை நீங்கள் கவனிக்கவில்லை. நண்பர் எழுதிய கதையும் வசனமும் அவருடைய இலக்கியப் படைப்பு. நீங்கள் வரைந்தது உங்கள் ஓவியப் படைப்பு. எழுதிக் கொடுக்கப்படாத வரை ஒன்றன் உரிமை மற்றவருக்குப் போகாது. அவர் பணம் வாங்கவில்லை, நட்புக்காக எழுதிக் கொடுத்தார் என்கிறீர்கள். பணம் வாங்காததால் உரிமை போய்விடாது. பதிப்பாளரின் தாளில், “இவை அனைத்தும் எனக்கே சொந்தம் என உறுதியளிக்கிறேன்” என்று ஒரு வரி இருக்கிறது. அதில் நீங்கள் கையெழுத்திட்டால் உண்மைக்குப் புறம்பான உறுதிமொழி தந்தவராவீர்கள்.

இப்போது நட்பு நன்றாக இருக்கிறது. ஒரு மாலை உட்கார்ந்து, யார் எதைச் செய்தோம், சிறுமியின் பெயரும் குணமும் யாருடைய கற்பனை, வருமானம் வந்தால் எப்படிப் பங்கு, அடுத்த இதழ்களை நீங்கள் தனியாகத் தொடரலாமா என்பதை இரண்டு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். புத்தகம் பேர் வாங்கிய பிறகு இந்தப் பேச்சை எடுத்தவர்களை என் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். அதன்பின் அவர்கள் வக்கீல்கள் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

அலுவலகம் சொல்வது

மனிதவள அதிகாரி சொன்னதில் பாதி சரி. வேலையின் பகுதியாக நீங்கள் வரைவது நிறுவனத்துக்குச் சொந்தம்; வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் 17ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் “வேலையின் பகுதியாக” என்பதைத் தாண்டி, வேலையில் இருக்கும் காலத்தில் உங்கள் கை வரைகிற எல்லாமே அவர்களுக்கு என்று சட்டம் சொல்லவில்லை. வீட்டில், சொந்தக் கணினியில், அலுவலக நேரத்துக்கு வெளியே, அலுவலகத்தின் எந்தத் திட்டத்தோடும் தொடர்பில்லாமல் வரைந்தது உங்களுடையது.

கேரளத்தில் இதை ஒட்டிய ஒரு வழக்கு நடந்தது. ‘போபனும் மோளியும்’ என்ற கேலிச்சித்திரத் தொடரை மலையாளிகள் எல்லோருக்கும் தெரியும். அதை வரைந்த டாம்ஸ் என்கிற வி. டி. தாமஸ், மலையாள மனோரமாவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வெளியேறினார். அந்தப் பாத்திரங்களை இனி அவர் வேறு இதழில் வரையக் கூடாது என்று மனோரமா 1980களின் இறுதியில் வழக்குத் தொடுத்தது. வேலைக்குச் சேரும் முன்பே அந்தப் பாத்திரங்களை டாம்ஸ் உருவாக்கியிருந்ததைக் கேரள உயர் நீதிமன்றம் கருத்தில் கொண்டது. வேலையில் இருந்தபோது வரைந்தவற்றின் மீது நிறுவனத்துக்கு உரிமை இருந்தாலும், வெளியே வந்த பிறகு அதே பாத்திரங்களை வைத்து அவர் புதிதாக வரைவதைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. பாத்திரம் எப்போது பிறந்தது என்பது எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். உப்பளச் சிறுமியை இந்த வேலையில் சேரும் முன்பே வரைந்த தாள்கள் இருப்பதாகச் சொல்கிறீர்கள். தேதியோடு அவற்றை ஸ்கேன் செய்து பத்திரப்படுத்துங்கள்.

மீதிப் பாதி உங்கள் வேலை ஒப்பந்தத்தில் இருக்கிறது. நீங்கள் அதை எனக்கு அனுப்பவில்லை. ஒரு முறைகூடப் படிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றே எடுத்துப் படியுங்கள். பணிக்காலத்தில் உருவாக்கும் எல்லாப் படைப்புகளும் நிறுவனத்துக்கு என்று பரந்த வாசகம் இருக்கலாம். இனிமேல் உருவாகப்போகும் படைப்பைக்கூட முன்கூட்டியே எழுதிக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. வெளியே சம்பாதிக்க முன் அனுமதி வேண்டும் என்றும் இருக்கலாம். அப்படி இருந்தால், பதிப்புரிமை உங்களுடையதாகவே இருந்தாலும் ஒழுங்கு நடவடிக்கைக்கு இடம் உண்டு. வேலையில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாடுகளை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்கின்றன. வேலையை விட்ட பிறகும் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது என்ற கட்டுப்பாடு, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது.

படித்த பிறகு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். என் சொந்தக் காமிக்ஸ் தொடர் இது, இன்ன ஆண்டில் தொடங்கினேன், அலுவலக நேரத்தையோ கருவிகளையோ பயன்படுத்தவில்லை, ஆண்டுக்குச் சில கண்காட்சிகளில் விற்கிறேன், இதற்கு நிறுவனத்தின் ஒப்புதலை வேண்டுகிறேன் என்று பணிவாகவும் தெளிவாகவும் எழுதுங்கள். வாய்மொழி மிரட்டலுக்கு வாய்மொழியில் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் பின்னால் எதுவும் கையில் நிற்காது. அலுவலக லேப்டாப்பில் ஒரு பக்கம்கூட வரைய வேண்டாம், இரவு இரண்டு மணியானாலும்.

முக்கால்வாசி விற்பனை

இதைச் சொல்வது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. உங்கள் மேசை வாடகையை அந்த ஸ்டிக்கர்கள்தான் கட்டுகின்றன என்று தெரியும். ஆனாலும் சொல்லியாக வேண்டும். முப்பது சதவீதம் மாற்றி வரைந்தால் பிரச்சினை இல்லை என்று உங்கள் நண்பர்கள் சொல்வது கட்டுக்கதை. எந்தச் சட்டத்திலும் அப்படி ஒரு சதவீதம் கிடையாது. பாத்திரம் அடையாளம் தெரிகிறது, அதற்காகத்தான் வாங்குகிறார்கள் என்றால், அது பிறர் படைப்பின் நகலாக்கம்தான். உங்கள் பாணி, உங்கள் வண்ணம், உங்கள் உழைப்பு ஆகியவை எல்லாம் உண்மை. அனுமதி இல்லை என்பதும் உண்மை.

கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்தும் வடிவத்துக்கே உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் சொன்னது. பறக்கும் வீரன் என்ற கருத்து யாருக்கும் சொந்தமில்லை. குறிப்பிட்ட உடையும் சின்னமும் முகமும் பெயரும் கொண்ட வீரன் சொந்தமுள்ளவன். இந்தியக் காமிக்ஸ் உலகிலேயே இதற்கு வழக்கு உண்டு. ‘நாகராஜ்’ என்ற இந்திக் காமிக்ஸ் நாயகனைப் போலவே ‘நாகேஷ்’ என்று இன்னொரு பதிப்பகம் ஒருவனைக் கொண்டுவந்தது. பச்சை உடலும் பாம்பு சக்திகளும் ஒரே மாதிரி இருப்பதைக் கண்டு, 1990களில் தில்லி உயர் நீதிமன்றம் அதை வெளியிடத் தடை விதித்தது. அங்கே பெயரைக்கூட மாற்றியிருந்தார்கள். நீங்கள் பெயரையும் மாற்றவில்லை.

ஜப்பானில் எல்லோரும் செய்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். 1975 முதல் நடக்கும் டோக்கியோவின் காமிக்கெட் சந்தையில் பிரபல பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் வரைந்த புத்தகங்கள் மலைபோல விற்கின்றன. அங்கேயும் அது சட்டப்படி உரிமை பெற்றதல்ல. பதிப்பகங்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விடுகின்றன. அங்கே இத்தகைய மீறலில் உரிமையாளர் புகார் தராமல் வழக்குத் தொடர முடியாது. நம் நாட்டில் நிலைமை கடுமையானது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி தண்டனை ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். இது பிடியாணை இல்லாமலேயே கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிட் புரோ வழக்கில் தீர்ப்பளித்தது.

நாளைக்கே உங்கள் மேசைக்குப் போலீஸ் வரும் என்று பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பெரிய நிறுவனங்கள் ஒற்றை மேசை ஓவியர்கள் மீது பாய்வது அரிது. வாய்ப்பு குறைவு, வந்தால் அடி பெரிது; இந்த இரண்டையும் சேர்த்து எடை போடுங்கள். கண்காட்சி அமைப்பாளரோடு நீங்கள் ஏற்றுக்கொண்ட விதிமுறைகளையும் படித்துப் பாருங்கள்; விற்கும் பொருளால் வரும் சட்டச் சிக்கலுக்கு ஓவியரே பொறுப்பு என்ற வாசகம் இருக்கக்கூடும். அதைவிட முக்கியமாக, உங்கள் டி-ஷர்ட் விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். உப்பளச் சிறுமியைத் திருடி விற்பவனுக்கு நான் நோட்டீஸ் அனுப்பினால், அவனுடைய வக்கீல் முதலில் திறந்து பார்ப்பது உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தைத்தான்.

அந்த நோட்டீஸை அனுப்ப வேண்டியதுதான். அந்த விற்பனைப் பக்கத்தைத் தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள். ஒரு டி-ஷர்ட்டை விலை கொடுத்து வாங்கி ரசீதோடு பத்திரப்படுத்துங்கள். பிறகு அந்த வணிகத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மூல ஓவியத்தோடு புகார் அனுப்புங்கள். பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே எடுத்துவிடுவார்கள். எடுக்காவிட்டால், விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் சென்னையிலேயே வழக்குத் தொடுக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவு இடம் தருகிறது. ஒரு நுணுக்கம்: டி-ஷர்ட், சாவிக்கொத்து போன்றவற்றுக்கென்றே ஒரு வடிவத்தை வரைந்து, வடிவமைப்புச் சட்டத்தில் பதியாமல், ஐம்பதுக்கு மேல் இயந்திரத்தில் அச்சடித்தால் அதன் பதிப்புரிமையே போய்விடும் என்று ஒரு விதி இருக்கிறது. உங்கள் சிறுமி முதலில் காமிக்ஸ் பக்கத்தில் வந்தவள் என்பதால் நம் வாதம் வலுவானது. ஆடைகளுக்கென்றே தனியாக வரையப் போவதாக இருந்தால் மட்டும் முன்பே கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஃபேன் ஆர்ட்டை ஒரே நாளில் நிறுத்த உங்களால் முடியாது என்பதும் புரிகிறது. இருப்பில் உள்ளவற்றில், நிறுவனங்களின் சின்னங்களையும் எழுத்துருக்களையும் அப்படியே நகலெடுத்தவற்றை முதலில் எடுத்துவிடுங்கள். அவற்றில் வணிகச் சின்னச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. புதிதாக அச்சடிப்பதை நிறுத்துங்கள். அதன் இடத்தில் பொதுவுடைமையான கதைமாந்தர்களை வரையலாம். கல்கி 1954இல் மறைந்தார். அவர் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமை ஆயின. வந்தியத்தேவனையும் நந்தினியையும் நீங்கள் எப்படி வேண்டுமானாலும் கற்பனை செய்து வரையலாம். கவனம், கதைதான் பொதுவுடைமை. அதற்குப் படம் வரைந்த மணியம் மறைந்தது 1968இல் என்பதால், அந்த ஓவியங்களுக்கான உரிமை 2028 இறுதி வரை உண்டு. திரைப்பட நடிகர்களின் முகத்தையும் படத்தின் உடைகளையும் பார்த்து வரைந்தால் மறுபடியும் அதே சிக்கல். கண்ணகியோ காரைக்கால் அம்மையாரோ யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. காமிக் கானுக்கு வரும் பதினெட்டு வயதுக்காரர் அனிமே ஸ்டிக்கரை வாங்கும் வேகத்தில் இவற்றை வாங்குவாரா என்றால், முதலில் வாங்க மாட்டார். அந்த நஷ்டத்தைக் கொஞ்ச காலம் நீங்கள் தாங்கத்தான் வேண்டும்.

500 ரூபாய்க்கு ஆளைப் பார்த்து வரைந்து கொடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பணம் கொடுத்து வரையச் சொன்ன உருவப்படத்தின் பதிப்புரிமை, வேறு பேச்சு இல்லாவிட்டால், பணம் கொடுத்தவருக்கே போகிறது. அந்தப் படங்களைத் தொகுத்துப் புத்தகமாகப் போடும் எண்ணம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். “ஓவியத்தின் பதிப்புரிமை ஓவியருக்கே, தொகுப்பில் வெளியிடச் சம்மதம்” என்று ஒரு சிறு சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வரையுங்கள்.

பெங்களூர் மேசையும் ஜிஎஸ்டியும்

என் விற்பனை ஆண்டுக்கு நான்கு லட்சம்கூட இல்லை, ஜிஎஸ்டி எனக்கு வராது என்று எழுதியிருக்கிறீர்கள். சென்னைக்குள் பொருள் விற்கும் வரை அது சரி. தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு வரம்பு 40 லட்சம். ஆனால் நிலையான தொழிலிடம் இல்லாத இன்னொரு மாநிலத்தில் போய் எப்போதாவது விற்பவரைச் சட்டம் தற்காலிக வரிதாரர் என்கிறது. அவருக்கு வரம்பு கிடையாது. விற்பனை தொடங்குவதற்கு ஐந்து நாள்களாவது முன்பாக அந்த மாநிலத்தில் பதிவு செய்து, உத்தேச வரியை முன்கூட்டியே கட்ட வேண்டும். பதிவு 90 நாள் வரை செல்லும். இங்கிருந்து கேரளத்துக்கு ஸ்டிக்கர் தபாலில் அனுப்பி விற்றாலும், மாநிலம் விட்டு மாநிலம் விற்பது என்பதால் பதிவு கட்டாயமாகிறது.

இதில் உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. வரியில்லாத பொருளை மட்டுமே விற்பவர் பதிவு செய்ய வேண்டியதில்லை. பெங்களூருக்குக் காமிக்ஸ் புத்தகங்களை மட்டும் கொண்டுபோனால் இந்தத் தொல்லை இல்லை. பிரிண்ட், ஸ்டிக்கர், சாவிக்கொத்து சேர்ந்தால் உண்டு. அடுத்த பயணத்துக்கு முன் உங்கள் பொருள் பட்டியலோடு ஓர் ஆடிட்டரை ஒரு மணி நேரம் பார்த்துவிடுங்கள்.

வேலையை விடுவது

இது சட்டக் கேள்வி இல்லை என்றாலும் கேட்டிருக்கிறீர்கள். இப்போது விட வேண்டாம் என்பது என் கருத்து. நீங்கள் அனுப்பிய கணக்கில், பெங்களூர் பயணத்தில் மேசைக் கட்டணம், ரயில், அறை, அச்சுக்கூலி எல்லாம் போக நின்றது 6,000 ரூபாய். அதிலும் பெரும்பகுதி நான் விடச் சொல்லும் ஸ்டிக்கர்களிலிருந்து வந்தது. உங்கள் சொந்தப் புத்தகம் மட்டும் எவ்வளவு ஈட்டுகிறது என்று தனிக் கணக்கு வைத்தால்தான் இந்த முடிவை எடுக்க முடியும். தில்லியில் 2011இல் தொடங்கிய காமிக் கான் சென்னைக்கு வந்ததே 2024 பிப்ரவரியில்தான். ஆண்டுக்கு ஒரு முறை, ஒரு வார இறுதியில் நடக்கும் சந்தையை நம்பி மாதச் சம்பளத்தை விடக் கூடாது. உங்கள் வாசகர்கள் அங்கே மட்டும் இல்லை. நந்தனத்தில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் காமிக்ஸ் அரங்குகளில் தாத்தாக்களும் பேரன்களும் சேர்ந்து நிற்பதைப் பாருங்கள். முத்து காமிக்ஸ் காலத்திலிருந்து, அதாவது 1972 முதல், காசு கொடுத்துத் தமிழில் காமிக்ஸ் வாங்கிப் பழகியவர்கள் அவர்கள். தமிழ் மண்ணின் கதையைத் தமிழிலேயே வரைந்த புத்தகம் அவர்களுக்கு அதிகம் கிடைப்பதில்லை. ஏதாவது ஒரு அரங்கில் உங்கள் இதழை விற்பனைக்கு வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

மூன்றாம் இதழை வரையுங்கள். அதற்கு எந்தப் பதிப்பாளருடைய அனுமதியும் தேவைப்படாத நிலை இன்று இருக்கிறது.

பதிப்பாளருக்கு அனுப்பும் பதிலின் நகலை எனக்கும் அனுப்பி வையுங்கள். மாத இறுதிக்குள் அவர் திருத்திய ஒப்பந்தத்தை அனுப்பினால், 19(4) பற்றிய வரியும் கதாபாத்திர உரிமை பற்றிய வரியும் என்னவாயின என்று முதலில் பாருங்கள். அவை அப்படியே இருந்து தொகை மட்டும் ஒரு லட்சமாகவோ இரண்டு லட்சமாகவோ உயர்ந்திருந்தால், நண்பரின் கையெழுத்தும் வேண்டும் என்று சொல்லி அவகாசம் கேளுங்கள்; அது உண்மையும்கூட. அதற்குள் உங்கள் வேலை ஒப்பந்தத்தையும், சிறுமியை முதன்முதலில் வரைந்த தாள்களையும் எடுத்துக்கொண்டு ஒரு முறை நேரில் வாருங்கள்.